நான்காவது அடைப்பின் செலவுக் கணக்கு

விதைக் கம்பெனிக்காரன்
ஹெக்டேருக்கு விலை சொன்னான்.
சிரித்துவிட்டேன்.
அந்தக் காசு கையிலிருந்தால்
புல்லை ஏன், மழையையே வாங்கியிருப்பேன்.

இது கரூ.
கல், கல்லுக்கு நடுவே காற்று.
நகராட்சியின் மேய்ச்சல் புறம்போக்கில்
நான்காவது அடைப்பு எனக்கு.
ஐந்தாவது ஃப்ளோர்ஸ் அப்போலிஸுக்கு.
நடுவே வேலி என்று ஒன்று
வரைபடத்தில் இருக்கிறது.

ஏழு வருஷம் மழை ஏமாற்றியது, உண்மை.
அது ஏமாற்றத் தொடங்கும் முன்பே
வேர்வரை மேய்ந்து முடித்திருந்தன
என் ஆடுகள்.
மழையைக் குறை சொல்வது சுலபம்,
எதிரே வந்து நின்று பதில் பேசாது.

முதல் செலவு: பத்தொன்பது ஆடு.
முப்பத்தொன்றில் பத்தொன்பது.
அடிமாட்டு விலை. ரசீது இருக்கிறது.
காது கிழிந்தவள் மட்டும்
லாரிப் பலகையில் கால் வைக்க மறுத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்தாள்,
கடிக்க ஏதாவது இருக்கிறதா என்று.
இருந்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டேனே.

மண்வெட்டிக்குப் புதுப் பிடி: அறுபது ராண்ட்.
சீமைக் கருவேலம்: இலவசம்.
ஆற்றுப்படுகை முழுக்க நின்று
அடிநீரைத் திருடும் மரம்,
வெட்டிக்கொண்டு போனால்
நகராட்சியே நன்றி சொல்லும்.
காய் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு வரக் கூடாதென்று
நானும் நாத்தனார் டெஸ்மரியும்
கிளை கிளையாகப் பார்த்தோம்,
பேன் பார்ப்பதுபோல்.

நிலம் ஓடு கட்டியிருந்தது.
தண்ணீர் ஊற்றினால்
தார்ரோட்டில் ஊற்றியதுபோல ஓடும்.
அந்த ஓட்டை உடைத்தோம்.
சரிவுக்குக் குறுக்கே பிறை பிறையாய்க் குழி,
இரண்டு முழ அகலம், சாண் ஆழம்.
உள்ளே ஒரு கை ஆட்டுப் புழுக்கை,
ரயில் பாதையோரம் உருவிய புல்விதை
(ரயில்வே வேலிக்குள் ஆடு நுழையாது,
அதனால் இந்த ஊரின் எல்லாப் புல்லும்
அங்கேதான் உயிரோடிருக்கிறது).
மேலே முள்.
ஆட்டு வாய் எட்டாது,
காற்று கொண்டுவரும் மண்ணும் சருகும்
முள்ளில் சிக்கி அங்கேயே உட்காரும்.

நாளைக்கு நாற்பது குழி.
தோள் விட்டுப்போன நாளில் பதினொன்று.
ஃப்ளோர்ஸ் வந்து நின்று கேட்டார்:
"யாரைப் புதைக்கிறாய்?"
"யாரையுமில்லை. தோண்டி எடுக்கிறேன்."
நன்றாகச் சொன்னேன் என்று
அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட்டில் அவருடைய வெள்ளாடுகள் வந்தன.
முள்ளா? வெள்ளாட்டுக்கு அது ஊறுகாய்.
ஐம்பத்திரண்டு குழி போயிற்று.
மூன்று ஞாயிறு தேவாலயத்தில்
அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை.
நான்காவது திங்கள் காலையில்
கதவருகே ஒரு பழைய கார் பேட்டரி,
மின்வேலிப் பெட்டி, சுருட்டிய கம்பி.
சீட்டு எதுவுமில்லை.
வரவில் எழுதினேன்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம்
முக்கால் மணி நேரத்தில்
பதினெட்டு மில்லிமீட்டர்.
மேல்வரிசையை அடித்துக்கொண்டு போயிற்று.
மட்டம் பார்க்காமல் கண்ணளவில் வெட்டியது நான்,
மழையைச் சொல்ல முடியாது.
கீழே நான்கு வரிசை நின்றது.
ஒவ்வொரு பிறையிலும்
கலங்கிய தேநீர் நிறத்தில் தண்ணீர்,
மறுநாள் அதுவும் இல்லை, உள்ளே போய்விட்டது.
டெஸ்மரி ஷூவைக் கழற்றி
ஒரு குழிக்குள் நின்றாள்.
"குளிர்கிறது" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் பச்சை.
பாதி களை. இருக்கட்டும்.
களையும் நிழல்தான், வேரும் வேர்தான்.

இப்போது செலவில் எழுதத் தெரியாத ஒன்று.
மிஞ்சிய பன்னிரண்டும்
தினம் காலையில் கதவருகே வந்து நிற்கின்றன.
மூக்குக்கு எட்டுகிறது வாசம்.
பக்கத்து ஊரிலிருந்து கடன் சொல்லி வாங்கிய
காய்ந்த வைக்கோலை முன்னால் போடுகிறேன்.
அதைத் தின்றுகொண்டே என்னைப் பார்க்கின்றன.
அடுத்த மழைவரை,
அதற்கடுத்த விதை உதிரும்வரை
கதவு திறக்காது.

நேற்று ஒரு கிடாரிக்குட்டி
கம்பிக்கு வெளியே நீண்டிருந்த ஒரேயொரு தாளைக்
கழுத்தை முறித்து எட்டிப் பிடித்தது.
விரட்டக் கல்லெடுத்தேன்,
கீழே போட்டேன்.

ஒரு புல்தாள்.
எழுதிவிட்டேன், செலவில்.